பெண்கள் மட்டும் வரும் சுற்றுப்பயிற்சி ஜிம்: சேரலாமா, வேறு வழி பார்க்கலாமா?

"பக்கத்துக் கடைத்தொகுதியில பெண்களுக்கு மட்டும்னு ஒரு ஜிம் இருக்கு, அரை மணி நேரம்தானாம். சேரலாமா அக்கா?" இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டியவர்கள். பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்பது குரலிலேயே தெரியும். மீதிப் பாதியில்தான் இழுபறி. மாதக் கட்டணம் கொஞ்சம் உறுத்துகிறது. சிங்கப்பூர் அரசு நடத்தும் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்மில் இரண்டரை வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) உள்ளே போய்விடலாம். சமூக மன்றத்தில் ஸும்பா நடனப் பயிற்சி நடக்கிறது. வீட்டுக்காரர் வேறு "யூடியூப் பார்த்து இங்கேயே செய்ய வேண்டியதுதானே" என்கிறார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை ஜிம் வாசலை மிதிக்காத பெண்ணுக்குச் சுற்றுப்பயிற்சி, அதாவது வட்டமாகப் போட்ட இயந்திரங்களில் ஒவ்வொன்றாக மாறி மாறிச் செய்வது, நல்ல தொடக்கம். இரண்டாவது வருஷமும் அங்கேயே இருக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைச் சேரும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது?

விலையை வைத்துத் தொடங்காதீர்கள். இத்தனை நாள் உங்களைத் தடுத்தது எது என்பதிலிருந்து தொடங்குங்கள். நேரமில்லையா? ஆண்கள் முன்னால் குனிந்து நிமிரக் கூச்சமா? இயந்திரங்களைப் பார்த்தால் எதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லையா? தனியாகப் போனால் இரண்டாவது வாரமே ஆர்வம் வடிந்துவிடுகிறதா? ஒவ்வொரு தடைக்கும் மருந்து வேறு. கூச்சம்தான் காரணம் என்றால் மலிவான ஜிம் உதவாது. நேரமின்மைதான் காரணம் என்றால் பெண்கள் மட்டும் என்ற பலகைக்காகக் கூடுதலாகப் பணம் கட்டத் தேவையில்லை.

அடுத்தது, தசைக்கு வேலை இருக்கிறதா என்பது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டு உடலியக்க வழிகாட்டிக் குறிப்புகள் பெரியவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. ஒன்று, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம். இன்னொன்று, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. முதலாவதை நாம் ஓரளவு எட்டிவிடுகிறோம். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிறோம், ஈரச்சந்தைக்குப் போய்ப் பை தூக்கி வருகிறோம், சாயங்காலம் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கிறோம். இரண்டாவதுதான் நம் பெண்களிடம் அப்படியே விடுபட்டுப் போகிறது.

அது விடுபடுவது நமக்குக் கூடுதல் நஷ்டம். இங்குள்ள இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) 23 ஆனாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்பது ஆசியர்களுக்கு இங்கே வைத்திருக்கும் கணக்கு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்ளிழுப்பது தசை. ஆகவே ஒல்லியாக இருப்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. எந்த ஜிம்மைப் பார்த்தாலும் 'இரண்டு நாள் தசைப்பயிற்சி இதில் கிடைக்கிறதா, மாதம் போகப்போகப் பாரம் கூடுமா' என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு முறை போவதற்கு உண்மையில் ஆகும் செலவு. மாதக் கட்டணத்தை நீங்கள் நிஜமாகப் போகும் தடவையால் வகுக்க வேண்டும், போக நினைக்கும் தடவையால் இல்லை. நூற்றுச் சொச்சம் கட்டி மாதம் நான்கு முறை போனால், ஒரு முறைக்கு முப்பது வெள்ளியை நெருங்குகிறது.

நான்காவது தூரம். வீட்டுக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் ஜிம்தான் நீடிக்கும். பேருந்து மாறிப் போக வேண்டிய இடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், நவம்பர், டிசம்பர் மழையில் அந்தப் பழக்கம் அடித்துக்கொண்டு போய்விடும்.

## பெண்கள் மட்டும் வரும் சுற்றுப்பயிற்சி ஜிம்

இந்த முறையைப் பிரபலமாக்கியது கர்வ்ஸ் நிறுவனம். 1992இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹார்லிங்கன் என்ற ஊரில் தொடங்கி, பிறகு ஜப்பானில் பெரிய அளவில் வேரூன்றியது. அதன் பாணியில் வேறு பெயர்களிலும் பலர் நடத்துகிறார்கள். பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களை வட்டமாகப் போட்டிருப்பார்கள். இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே ஒரு சதுரப் பலகை. இயந்திரத்தில் 30 விநாடி தள்ளி இழுக்க வேண்டும். பிறகு பலகையில் ஏறி 30 விநாடி நின்ற இடத்திலேயே நடை அல்லது மெல்லோட்டம். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், நடுநடுவே பதிவுசெய்த குரல் இடம் மாறச் சொல்லும், எல்லாரும் ஒரே சமயத்தில் ஓரிடம் நகர்வார்கள். பன்னிரண்டு இயந்திரம், பன்னிரண்டு பலகை என்றால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். இரண்டு சுற்று, கடைசியில் கை காலை நீட்டி மடக்குவது, அவ்வளவுதான். அரை மணி நேரம். இடையில் கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 10 விநாடிக்கு நாடித்துடிப்பை எண்ணச் சொல்வார்கள். அதை ஆறால் பெருக்கி, சுவரில் இருக்கும் வயதுவாரி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதன் பெரிய வசதி, யோசிக்க ஒன்றும் இல்லை என்பது. எடையைக் கழற்றி மாட்ட வேண்டாம். யாரோ ஒருவர் முடிக்கட்டும் என்று காத்து நிற்க வேண்டாம். அடுத்து என்ன செய்வது என்று கைப்பேசியைப் பார்க்க வேண்டாம். குறித்த நேரத்தில் தொடங்கும் வகுப்பும் கிடையாது. 4.20க்கு வந்தாலும் 4.35க்கு வந்தாலும் காலியாக இருக்கும் இடத்தில் ஏறிக்கொள்ளலாம். பிள்ளையைத் துணைப்பாட வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பயிற்சியாளர் வட்டத்துக்கு நடுவில் சுற்றி வருவார். தோள் காதுவரை ஏறியிருந்தால் ஒரு விரலால் தொட்டு இறக்கிவிட்டுப் போவார். பெரிய ஜிம்மில் அந்த ஒரு விரலுக்குத் தனிக் கட்டணம்.

அப்புறம் சூழல். கண்ணாடி முன்னால் தசையை முறுக்கிப் படம் எடுக்கும் கூட்டம் இல்லை. பழைய டீ-ஷர்ட்டில் வரலாம். பக்கத்துப் பலகையில் நிற்கும் சீனப் பாட்டி உங்கள் பெயரை இரண்டாவது வாரமே கற்றுக்கொள்வார், ஒரு வாரம் வராவிட்டால் எங்கே போனாய் என்று கேட்பார். இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். பலரைத் தொடர்ந்து வரவைப்பது இந்த விசாரிப்புதான்.

### இயந்திரத்துக்குள் இருக்கும் ரகசியம்

இனி விளம்பரத் தாளில் வராத பகுதி.

இந்த இயந்திரங்கள் பலவற்றில் இரும்பு எடை இருக்காது. எண்ணெய் நிரம்பிய உருளை ஒன்று இருக்கும். தண்ணீருக்குள் கையை மெதுவாக அசைத்தால் லேசாகவும், வேகமாக அசைத்தால் கனமாகவும் இருக்குமே, அதே கதைதான். எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு எதிர்ப்பு. தள்ளும்போதும் எதிர்ப்பு, இழுக்கும்போதும் எதிர்ப்பு. விட்டுவிட்டால் அப்படியே நிற்கும், மேலே வந்து விழாது. முதல் தடவை வருபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடைப்பது சிரமம்.

ஆனால் இதில் ஒரு பாதி விடுபடுகிறது. சாதாரண எடையைத் தூக்கினால் அதை மெதுவாக இறக்கவும் வேண்டும். இறக்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பயிற்சி செய்து இரண்டாம் நாள் வரும் வலிக்குப் பெரும்பாலும் இந்த இறக்கம்தான் காரணம். எண்ணெய் உருளையில் இறக்கம் கிடையாது, அதனால்தான் அங்கே போய்வந்தால் உடம்பு அவ்வளவாக வலிப்பதில்லை. புதிதாகச் சேர்பவருக்கு அது வரம். ஆனால் எம்ஆர்டி படிக்கட்டில் இறங்கும்போதும், தாழ்வான நாற்காலியில் பொத்தென்று விழாமல் உட்காரும்போதும் தொடை செய்வது அதே இறக்க வேலைதான். அந்த வேலைக்கு வட்டத்தில் பயிற்சி குறைவு.

இன்னொன்று, இயந்திரம் உங்களுக்கு ஏற்றபடி நடந்துகொள்கிறது என்றால் உங்கள் சோம்பலுக்கும் ஏற்றபடி நடந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவரோடு தீபாவளிச் சேலை விலை பேசிக்கொண்டே தள்ளினால் பாரம் பஞ்சாகிவிடும். முப்பது விநாடியும் ஓடிவிடும், வருகைப் பதிவும் ஆகிவிடும், தசைக்கு மட்டும் ஒன்றும் நடந்திருக்காது. இரும்புத் தகட்டில் இந்த ஏமாற்று நடக்காது. பத்துக் கிலோ என்றால் பத்துக் கிலோதான்.

ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: "ஆறு மாதம் கழித்து எனக்குப் பலம் கூடியிருக்கிறது என்பதை எப்படிக் காட்டுவீர்கள்?" சில இடங்களில் இயந்திரத்திலேயே எண்ணிக்கையோ விசையோ காட்டும் திரை இருக்கும், எதிர்ப்பின் அளவை மாற்றும் குமிழ் இருக்கும். அப்படி இருந்தால் நல்லது. "எடையும் இடுப்புச் சுற்றளவும் மாதாமாதம் அளப்போம்" என்பது மட்டுமே பதில் என்றால், அது பலத்தின் கணக்கு ஆகாது.

### பெண்கள் மட்டும் என்றால் எந்த அளவுக்கு?

முக்காடு அணியும் தோழிகளுக்கு இது முதல் கேள்வி, மற்றவர்களும் கேட்டு வைக்கலாம். கடைத்தொகுதி நடைபாதைப் பக்கம் கண்ணாடிச் சுவரா, திரை போட்டிருக்கிறார்களா? குளிரூட்டி பழுதுபார்க்க ஆண்கள் எந்த நேரத்தில் வருவார்கள், முன்கூட்டியே சொல்வார்களா? உரிமையாளரோ மேலாளரோ ஆணா? உள்ளே படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடும் வழக்கம் உண்டா? வாசலில் எழுதியிருப்பது ஒன்று, மூன்று மணிக்கு உள்ளே நடப்பது வேறொன்றாக இருக்கக்கூடும். நீங்கள் வழக்கமாக வரப்போகும் நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பார்ப்பது உத்தமம்.

### மறைந்திருக்கும் செலவு

கட்டணத்தோடு சேர்க்கைக் கட்டணம், 9 விழுக்காடு பொருள் சேவை வரி, சில இடங்களில் புரதப்பொடி விற்பனை. இவை கண்ணுக்குத் தெரியும் செலவு. கண்ணுக்குத் தெரியாதது திறந்திருக்கும் நேரம். இந்த வகைச் சிறிய ஜிம்கள் பல நேரங்களில் மதியம் இடைவேளை விட்டு, மாலை சீக்கிரம் மூடி, சனிக்கிழமை அரை நாள் நடத்தி, ஞாயிறு விடுமுறை விடும். வேலைக்குப் போகிறவர் ராஃபிள்ஸ் பிளேசிலிருந்து செங்காங்குக்கு வந்து சேர்வதற்குள் விளக்கை அணைத்துவிடுவார்கள். இல்லத்தரசிக்கும் பகுதிநேர வேலை பார்ப்பவருக்கும் மலிவாகத் தெரியும் அதே கட்டணம், அலுவலகம் போகும் பெண்ணுக்கு இரட்டிப்பாகிவிடுகிறது.

இலவசமாக ஒரு முறை வந்து பாருங்கள் என்பார்கள். தாராளமாகப் போங்கள். பயிற்சி முடிந்து வியர்வையோடு இருக்கும்போது சின்ன அறை ஒன்றில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி நாடா வைத்து அளந்து, கொழுப்பு விழுக்காட்டைச் சொல்லி, 'இன்று சேர்ந்தால் மட்டும்' என்று ஒரு விலை சொல்வார்கள். அந்த விலை பெரும்பாலும் அடுத்த வாரமும் இருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு யோசியுங்கள்.

## ஆக்டிவ்எஸ்ஜி ஜிம்

ஈசூன், ஜூரோங் ஈஸ்ட், சுவா சூ காங், கிளமெண்டி, தெம்பனிஸ் என்று தீவு முழுக்க இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு முறைக்கு 2.50 வெள்ளி, மூத்தோருக்கு அதிலும் குறைவு. வாரம் மூன்று முறை போனாலும் மாதம் முப்பது வெள்ளி. ஒப்பந்தம் இல்லை, சேர்க்கைக் கட்டணம் இல்லை. ஊருக்குப் போனால் நிறுத்தி வைக்கச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதும் இல்லை. சிங்கப்பூரின் 60ஆம் ஆண்டு நிறைவுக்காக (எஸ்ஜி60) 2025இல் கொடுத்த 100 வெள்ளி ஆக்டிவ்எஸ்ஜி வரவு உங்கள் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அது நாற்பது தடவை நுழைவு. முதலில் செயலியைத் திறந்து பாருங்கள்.

நிஜமான இரும்பும் இயந்திரங்களும் இருப்பதால் பலத்தைப் படிப்படியாகக் கூட்ட இங்கே தடை ஏதும் இல்லை. எண்ணெய் உருளையில் விடுபடும் இறக்க வேலையும் இங்கே தானாகக் கிடைத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், யாரும் கைபிடித்து அழைத்துப் போகமாட்டார்கள். அலுவலகம் விட்ட பிறகு ஆறரை, ஏழு மணிக்குப் போனால் எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் குந்துப்பயிற்சிச் சட்டத்தைச் சுற்றி இளைஞர்கள் வரிசை. அந்த வரிசையில் போய் நின்று 'எனக்கு எப்போது' என்று கேட்கத் துணிச்சல் வேண்டும். சிலருக்கு அது இயல்பாக வரும், சிலருக்கு வராது. வராதவர்கள் வார நாளில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள், அது வேறு உலகம். ஓய்வுபெற்ற மாமாக்களும் நாலைந்து ஆண்ட்டிகளும்தான் இருப்பார்கள். 'மாமா, இது எப்படி?' என்று கேட்டால் பாதிப் பேர் இருக்கையை இறக்கி, எடையைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை மாற்றிக் காட்டிவிட்டே போவார்கள். அவர்கள் சொல்வது முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம்.

இங்கே மறைந்திருக்கும் செலவு, கற்றுக்கொள்ள ஆகும் காசு. தொடக்கத்தில் ஒரு பயிற்சியாளரிடம் நாலைந்து அமர்வுக்கு மட்டும் பணம் கொடுத்து ஏழெட்டு அசைவுகளை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால், அதன்பிறகு சிங்கப்பூரிலேயே இதைவிட மலிவான தசைப்பயிற்சி கிடையாது.

## சமூக மன்ற வகுப்பும் இலவசப் பயிற்சிகளும்

ஸும்பா, பாலிவுட் நடனம், யோகா. பெண்களுக்கென்றே நடக்கும் வகுப்புகளும் சில மன்றங்களில் உண்டு. தவணைக்குக் கட்டினால் ஒரு வகுப்புக்குச் சில வெள்ளிதான் ஆகும். சுகாதார மேம்பாட்டு வாரியம் கடைத்தொகுதிகளிலும் பூங்காக்களிலும் நடத்தும் பயிற்சிகள் இலவசம், ஹெல்தி 365 செயலியில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

மூச்சு வாங்கும், மனசு லேசாகும், சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம். 150 நிமிடக் கணக்குக்கு இது போதும். தசைக்கு? நடனத்தில் சுமப்பது உங்கள் சொந்த எடையைத்தான், அது மாதாமாதம் கூடாது. கூடவும் வேண்டாம்! முப்பது பேருக்கு முன்னால் மேடையில் நிற்பவருக்கு உங்கள் முழங்கால் உள்ளே சாய்வது தெரியவும் வாய்ப்பில்லை. தசைப்பயிற்சிக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், மாற்றாக வைத்துக்கொள்ள முடியாது.

## தனியார் ஜிம், கூடவே பயிற்சியாளர்

24 மணி நேர ஜிம்களில் மாதம் நூறு வெள்ளியை ஒட்டி ஆகும், பயிற்சியாளருக்கு ஒரு மணி நேரத்துக்கு 80 வெள்ளியும் அதற்கு மேலும் தனி. காசு பலமாகக் கரையும். ஆனால் சிலருக்கு இதுதான் சரியான வழி.

எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லப்பட்ட பெண்களை முக்கியமாக நினைக்கிறேன். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேயும். ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் என்ற ஆய்வு 2018இல் வெளியானது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இரண்டு முறை, தலா அரை மணி நேரம், எட்டு மாதத்துக்குக் கண்காணிப்போடு கனமான எடை தூக்கவைத்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி அவர்களுக்குக் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. அங்கேயும் அரை மணி நேரம்தான் என்பதைக் கவனியுங்கள். சுற்றுப்பயிற்சியின் குறை அதன் நேரம் குறைவு என்பதில் இல்லை. எலும்புக்குக் கனம் வேண்டும், எண்ணெய் உருளையில் அந்தக் கனம் இல்லை. அதற்காக ஸ்கேன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தானாகப் போய்ப் பாரம் தூக்கக் கூடாது. அந்த ஆய்விலேயே ஒவ்வொரு அமர்வும் ஒருவர் மேற்பார்வையில்தான் நடந்தது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சுற்றுப்பயிற்சி ஜிம் | ஆக்டிவ்எஸ்ஜி | சமூக மன்றம், இலவச வகுப்பு | தனியார் ஜிம் + பயிற்சியாளர் |
|---|---|---|---|---|
| செலவு | நடுத்தரம், மாதாமாதம் | மிகக் குறைவு | இலவசம் முதல் சில வெள்ளி | மிக அதிகம் |
| ஒப்பந்தம் | பெரும்பாலும் உண்டு | இல்லை | தவணைக்கு மட்டும் | உண்டு |
| வழிகாட்டல் | எப்போதும் ஒருவர் இருப்பார் | தானாகக் கற்க வேண்டும் | பொதுவானது | உங்களுக்கென்றே |
| பலம் கூட்ட வழி | ஓரளவுக்கு மேல் நிற்கும் | தடையில்லை | குறைவு | தடையில்லை |
| ஆண்கள் | இல்லை | உண்டு | வகுப்பைப் பொறுத்தது | பெரும்பாலும் உண்டு |
| இரவு, ஞாயிறு | கேட்டுப் பார்க்க வேண்டும் | இரவுவரை | வகுப்பு நேரம் மட்டும் | பெரும்பாலும் எந்நேரமும் |

## உடம்பு சொல்லும் நிபந்தனைகள்

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு வேகமாக ஏறாது. சுவரில் இருக்கும் அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது. எண் குறைவாக வருகிறதே என்று மேலும் மேலும் வேகம் கூட்டினால் ஆபத்து. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்பதுதான் அவர்களுக்கான அளவுகோல்.

இன்சுலின் போடுபவர்களும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் வட்டத்தில் ஏறக் கூடாது, பையில் ஒரு மிட்டாயாவது இருக்கட்டும். விரதம், நோன்பு நாள்களில் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு, பலகையில் குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்றால் வெட்கப்பட்டு மறைக்கும் விஷயம் இல்லை அது. ஓட்டத்தை விட்டு நின்ற இடத்தில் நடங்கள், மருத்துவரிடம் சொல்லி இடுப்புத்தளத் தசைக்கான இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் இதைப் பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்வது எளிது. எனக்குத் தெரிந்து பலர் கலப்பு ஜிம்மைவிட்டு விலகியதற்கு இதுதான் காரணம், யாரிடமும் சொல்லவில்லை.

முழங்கால் வலிக்கு எண்ணெய் உருளை இயந்திரங்கள் பெரும்பாலும் இதமானவை. பலகையில் குதிப்பது இதமில்லை.

## அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு

அம்மாவையும் கூடவே சேர்த்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டணம் கட்டும் முன் ஜிம் டானிக் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். லியென் அறநிறுவனம் 2015இல் தொடங்கிய, மூத்தோருக்கான தசைப்பயிற்சித் திட்டம் அது. பின்லாந்தில் செய்த காற்றழுத்த இயந்திரங்கள், பாரத்தை மிகச் சிறிய அளவில் கூட்டலாம். அம்மா தன் அட்டையைத் தொட்டாலே அவருக்கான பாரம் அமைந்துவிடும், எவ்வளவு செய்தார் என்பதும் பதிவாகிவிடும். பலம் கூடுகிறதா என்று நான் மேலே கேட்கச் சொன்ன கேள்விக்கு அங்கே பதில் ஆயத்தமாக இருக்கிறது. ஆண்களும் வருவார்கள், ஆனால் எழுபது வயது மாமாக்களைப் பார்த்து அம்மாவுக்கு என்ன கூச்சம்.

## சரி, யாருக்கு எது?

கூச்சமும் 'எனக்கு ஒன்றும் தெரியாதே' என்ற தயக்கமும்தான் உங்கள் தடை, பகலில் நேரம் இருக்கிறது, ஜிம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் சுற்றுப்பயிற்சியில் சேருங்கள், யோசிக்க வேண்டாம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ போனபின், வேகமாகத் தள்ளினாலும் மூச்சு வாங்கவில்லை, எண் எதுவும் ஏறவில்லை என்றால் ஆக்டிவ்எஸ்ஜிக்கு மாறுங்கள். அதற்குள் உடம்புக்குப் பயிற்சி பழகியிருக்கும், இரும்பைப் பார்த்துப் பயம் இருக்காது. மாற மனமில்லை, அந்தக் கூட்டம் பிடித்துப்போய்விட்டது என்றால், அங்கேயே இருந்துகொண்டு வாரம் ஒரு நாள் மட்டும் ஆக்டிவ்எஸ்ஜிக்குப் போகலாம்; கூடுதல் செலவு மாதம் பத்து வெள்ளி.

வேலை விட்டு ஏழு மணிக்குமேல் வீடு வருபவர்களுக்குச் சுற்றுப்பயிற்சி ஒத்துவருவது சந்தேகமே. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகியவர்களுக்கு இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். எடை குறைப்பது மட்டும்தான் குறிக்கோள் என்பவர்களுக்கு எந்த ஜிம்மும் தனியாக அதைச் செய்து தராது. சோற்றின் அளவும் மாலைப் பலகாரமும்தான் அங்கே பெரிய ஆட்கள்.

வேலை அனுமதியிலோ சார்ந்திருப்போர் அனுமதியிலோ இங்கே இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மேலே சொன்ன இரண்டரை வெள்ளி விலை உங்களுக்குப் பொருந்தாது, அதனால் ஆக்டிவ்எஸ்ஜிக்கும் சுற்றுப்பயிற்சி ஜிம்முக்கும் உள்ள விலை இடைவெளி குறையும். கணவரின் வேலை மாறினால் ஊர் திரும்ப வேண்டியும் வரலாம். மாதாமாதம் நிறுத்திக்கொள்ளக்கூடிய திட்டமாகப் பாருங்கள்.

## கையெழுத்துப் போடும் முன்

இந்த ஊரில் ஜிம்கள் ஒரே இரவில் மூடப்பட்ட கதை புதிதில்லை. 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் என்ற ஜிம் நிறுவனம் மூடியபோது முன்பணம் கட்டியிருந்த உறுப்பினர்கள் ஏராளமானோர் தவித்தார்கள். ஆகவே இரண்டு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால், அந்தத் தள்ளுபடி உங்கள் தலையில் ஏற்றப்படும் ஆபத்துக்குக் கூலி. மாதாமாதம் கட்டுவது சற்று அதிகமானாலும் எனக்கு அதுதான் தூக்கம் தரும். நம்பகமான வணிகம் என்று பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் முத்திரை இருக்கிறதா, சேர்ந்தபின் மனம் மாறினால் சில நாள் அவகாசம் உண்டா என்று கேளுங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். ஆனால் நிறுவனமே திவாலாகிவிட்டால் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கடன்காரர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள். குறைந்தது எத்தனை மாதம். நடுவில் விலகினால் எவ்வளவு தண்டம். எத்தனை மாதம் நிறுத்தி வைக்கலாம், அதற்குக் கட்டணம் உண்டா. மூன்றாவது வரி நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ போனால் பொங்கல் முடிந்துதான் திரும்புகிறோம் பலர். ஊரில் கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று நடுவில் இன்னொரு பயணமும் வரும். 'மருத்துவக் காரணத்துக்கு மட்டும் நிறுத்தலாம்' என்று எழுதியிருந்தால் அந்த மாதங்களுக்கும் காசு போகும். வரவேற்பில் இருக்கும் பெண் "அதெல்லாம் பரவாயில்லை அக்கா, பார்த்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதையே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் சேரலாம்.